தண்ணிக்குக் கழித்தது போக

ஊரில் மற்றவர்களுக்குத் துபாய், சிங்கப்பூர், கனடா என்று எத்தனையோ சீமைகள். எங்கள் குடும்பத்துக்கு அன்றும் இன்றும் கண்டிச் சீமை ஒன்றுதான். கொள்ளுத்தாத்தாவின் அப்பா தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பி பறிக்க வந்தார். கோப்பியை இலைநோய் தின்றது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் 1867-இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் அதை ஆரம்பித்துவைத்தார். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், தெல்தோட்டைப் பக்கம், எங்கள் பாட்டி கூடை சுமந்தாள். 1964-இல் ஸ்ரீமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் தில்லியில் உட்கார்ந்து ஆளைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. பாட்டி இந்தியப் பங்கில் விழுந்தாள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரி மலையேறிக் கூடலூர் போய்ச் சேர்ந்தால், அரசாங்கத் தோட்டத்தில் அதே செடி நின்றதாம். "இதுக்கு எதுக்குடா கப்பல்?" என்பது அவள் இன்றுவரை கேட்கும் கேள்வி.

கூடலூரில் எங்களுக்குப் பெயர் சிலோன்காரர்கள். நான் கல்யாணம் கட்டிக் கண்டி மஹய்யாவவுக்கு வந்ததும் இங்கே எனக்குப் பெயர் இந்தியாக்காரத் தம்பி. மனைவி இங்கே அரசாங்கப் பள்ளிக்கூடத்து டீச்சர். அந்த வேலையைக் கழற்றி நீலகிரியில் மாட்ட முடியாது. என்னைக் கழற்றலாம், என்னிடம் கழற்றுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. விசாவும் கிடைத்தது. அதில் ஒரு நிபந்தனை: இந்த நாட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. மனைவியின் வீட்டில், மாமனாரின் கூரைக்குக் கீழே, சட்டப்படி சும்மா இருக்க வேண்டிய மாப்பிள்ளை. எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்க ஏங்கும் பதவிதான். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை அனுபவிக்க எனக்குத் திராணியில்லை. ஆகவே லேப்டாப்பைத் திறந்து, கடலுக்கு அப்பால் இருக்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக் கொடுக்கும் தொழிலில் இறங்கினேன்.

இந்தத் தொழிலுக்கு இலங்கையில் ஒரு மூத்தவர் உண்டு. ஆர்தர் சி. கிளார்க். 1956-இல் வந்து, 2008-இல் கண்ணை மூடும்வரை இங்கேயே இருந்து, உலகத்துக்கெல்லாம் எழுதினார். 1964-இல், எங்கள் பாட்டியின் தலைவிதி தில்லியில் எழுதப்பட்ட அதே வருஷத்தில், பிபிசி தொலைக்காட்சியில் தோன்றி, இன்னும் ஐம்பது ஆண்டுகளில் ஒரு மனிதன் தாஹிட்டியிலோ பாலியிலோ இருந்துகொண்டு லண்டனில் இருப்பது போலவே தொழில் பார்ப்பான் என்றார். மஹய்யாவவைச் சொல்லவில்லை; மறந்திருப்பார். 1983-இல் கேப்ரோ என்ற கணினியை டெலிபோன் கம்பியில் சொருகி, லாஸ் ஏஞ்சலஸில் இருந்த சினிமா டைரக்டர் பீட்டர் ஹையம்ஸோடு கொழும்பிலிருந்தே கடிதம் மாற்றி மாற்றிப் படக்கதை வேலை பார்த்தார். அந்தக் கடிதங்களையும் விடவில்லை, புத்தகமாகப் போட்டுக் காசாக்கினார். ஆனால் எனக்கு அவரிடம் பிடித்த சங்கதி வேறு. பூமிக்கு 36,000 கிலோமீட்டர் உயரத்தில் துணைக்கோள்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-இல் வயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில் எழுதினாரே, அந்தக் கட்டுரைக்கு அவருக்குக் கிடைத்த சன்மானம் 15 பவுண். மனித குலத்தையே இணைத்த கட்டுரைக்கு அவ்வளவுதான் என்றால், நாயின் பல்லைச் சுத்தம் செய்வது எப்படி என்ற என் கட்டுரைக்கு எட்டு டொலர் வந்ததில் குறை சொல்ல என்ன இருக்கிறது? இலங்கை அரசு 1975-இல் அவருக்கு வதிவிட விருந்தாளி என்ற அந்தஸ்து கொடுத்தது. எனக்கும் ஏறக்குறைய அதே அந்தஸ்துதான். விருந்துபசாரம் மாமியாருடையது.

நாயின் பல் என்றேனே, அது என் ஆரம்ப காலத்து வேலை. பிறகு துறை விரிந்தது. குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறையாமல் காப்பது, கூரையில் விழுந்த பனியை அள்ளச் சிறந்த மண்வெட்டி எது, பனிப் பாதையில் கார் வழுக்கினால் பிரேக்கை மிதிக்கலாமா கூடாதா. மின்னசோட்டாவில் ஒரு குடும்பத் தலைவன் என்னை நம்பிக் கூரையில் ஏறியிருப்பான். நான் கண்ட பனி, கூடலூரிலிருந்து ஊட்டிக்குப் போகும்போது தை மாத விடியலில் புல்லின் மேல் சீனி தூவினாற்போல் கிடக்குமே, அது மட்டும்தான். ஒரு முறை மட்டும் என் கையெட்டும் தூரத்தில் ஒரு வேலை வந்தது: கண்டியில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள். உற்சாகமாகிவிட்டேன். தலதா மாளிகைக்குப் பின்புறம் இருக்கும் பழைய காரிசன் மயானத்தைச் சேர்த்தேன். காட்டு யானையால் மாண்ட ஒரு வெள்ளைக்காரரின் கல்லறை அங்கே இருக்கிறது. எங்கள் மஹய்யாவ மயானத்தையும் ஓரமாகச் சேர்த்தேன். பேராதனைத் தோட்டத்துக்கு எந்த நேரத்தில் போனால் வெயில் தெரியாது என்பதையும் எழுதினேன். கட்டுரை திரும்பி வந்தது. மற்ற இடங்களில் எழுதியிருப்பதோடு இது ஒத்துப்போகவில்லையாம், இரண்டு மயானம் அதிகமாம், நான் கண்டிக்கு எப்போதாவது போயிருக்கிறேனா என்று கடைசியில் ஒரு கேள்வி. ஜன்னலுக்கு வெளியே மாத்தளைக் கோச்சி கூவிக்கொண்டு போனது. நான் அமைதியாக அந்த மயானங்களை எடுத்துவிட்டு, ஒரு மூலிகைத் தோட்டத்தையும் ஒரு மாணிக்கக் கடையையும் போட்டேன். ஐந்து நட்சத்திரம் கிடைத்தது.

நட்சத்திரம்தான் இந்தத் தொழிலில் சாதகம், ஜாதகம் எல்லாம். நடுவில் ஒரு தரகு நிறுவனம் இருக்கும். வேலை கொடுக்கிறவனுக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவனைத் தெரியாது. இருவரையும் தெரிந்த அந்த நிறுவனத்துக்கு நூற்றுக்கு இருபது. வேலை கேட்டு மனுப் போடுவதற்கே காசு கட்டும் ஏற்பாடும் உண்டு. பணத்தை வெளியே எடுக்க ஒரு கட்டணம், டொலரை ரூபாயாக்க இன்னொரு வெட்டு. போதாக்குறைக்கு, உலகமெல்லாம் பேர்போன ஒரு பணப்பட்டுவாடா நிறுவனம் இலங்கையிலிருந்து வெளியே பணம் அனுப்ப விடும்; வெளியிலிருந்து வாங்க விடாது. இங்கிருந்து செலவழிக்கலாம், சம்பாதிக்கத்தான் கூடாது. அதுவும் என் விசாவைப் படித்திருக்கும் போல.

இதையெல்லாம் போனில் பாட்டியிடம் விளக்கப் போனேன். அவளுக்குத் தொண்ணூறை நெருங்குகிறது. இன்டர்நெட் என்றால் என்னவென்று சொல்லத் தொடங்குமுன், அவள், தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கும் பிரட்டிலிருந்து, விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

"பிரட்டு எத்தன மணிக்கு?"

"பிரட்டெல்லாம் இல்ல பாட்டி. எப்ப வேணும்னாலும் எழுதலாம்."

"அப்பிடின்னா எல்லா நேரமும் பிரட்டு. தொர யாரு, வெள்ளைக்காரனா?"

"சில பேரு வெள்ளைக்காரங்க."

"தொர இறங்கி வந்து பேசுவானா, கங்காணிதான் பேசுவானா?"

தரகு நிறுவனத்தை நினைத்துக்கொண்டு, கங்காணிதான் என்றேன்.

"கங்காணிக்கு எவ்வளவு?"

"நூத்துக்கு இருவது."

"அதப் புடிக்காத கங்காணி எங்க இருக்கான்? நிறுவ யாரு பாக்குறது?"

"எத்தன சொல்லுன்னு கம்ப்யூட்டரே எண்ணிடும் பாட்டி. ஒரு சொல்லுக்கு ஒரு சதம்."

"தராசு அவங்கிட்டயா இருக்கு?"

"ஆமா."

"அப்ப தண்ணிக்குக் கழிப்பானே!"

மழைநாளில் கொழுந்து நனைந்திருக்கும்; ஈரத்துக்கென்று இத்தனை கிலோ, சாக்குக்கென்று இத்தனை கிலோ என்று நிறுவையில் கழித்துவிட்டுத்தான் பேரேட்டில் எழுதுவார்கள். பாட்டி பெருமூச்சு விட்டாள். "எங்க கணக்கப்புள்ள வெயில்லயும் தண்ணிக்குக் கழிப்பான்."

அந்த வாரமே ஒரு புதுத் துரை வாய்த்தார். தலைப்புகளுக்குக் காசு கிடையாது, கட்டுரைக்குள் மேற்கோள் வந்தால் அது என் சொல் அல்ல, அதற்கும் காசு கிடையாது, திரும்பத் திரும்ப வரும் பொருளின் பெயரை ஒரு தடவைதான் எண்ணுவோம் என்றார். இணையவெளி முழுக்க இப்போதுதான் கண்டுபிடித்த புதுமை மாதிரி மினுமினுக்கும் தொழிலுக்கு, ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாத கிழவி, பார்க்காமலே, விதிமுறைப் புத்தகம் வாசித்துவிட்டாள். முத்தின கொழுந்து என்று ஒதுக்குவது இங்கே 'திருத்தம் தேவை' என்று வரும். குறிப்பிட்ட கிலோ வராத நாளில் தோட்டத்தில் அரைப்பேர் போடுவார்கள், அதாவது பாதிச் சம்பளம்; எனக்குப் பாதிப் பேர்கூடக் கிடைக்காது, கட்டுரையின் கீழே வேறு யாருடைய பெயரோ இருக்கும். இதைச் சொன்னதும்தான் பாட்டிக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "தோட்டத்துச் செக்ரோல்ல கூடப் பேரு இருக்குமேடா!"

மஹய்யாவவில் இருந்துகொண்டு வெள்ளைக்காரரோடு வீடியோவில் பேசுவது தனிக் கலை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகும் பஸ்களின் ஹோர்ன் நிரந்தரப் பின்னணி. பாங்கு, பிரித், கோயில் மணி எல்லாம் முறை வைத்து வரும். அவற்றுக்கு நேரம் தெரியும் என்பதால் சமாளிக்கலாம். நேரம் தெரியாதது சாவு. நகரத்து மயானம் எங்கள் பக்கம் இருப்பதால் கண்டியின் கடைசி ஊர்வலங்கள் பலவும் இந்த வழியாகத்தான். ஒரு தடவை, வீட்டுக் காப்புறுதி பற்றித் தொடர் கட்டுரை தரவிருந்த ஓர் அம்மையாரோடு பேசிக்கொண்டிருக்கும்போது வெடி, மேளம், பேண்ட் வாத்தியம் மூன்றும் சேர்ந்து வந்தன. திருவிழாவா என்று முகம் மலரக் கேட்டார். ஒருவகையில் ஆமாம் என்றேன். வாழ்த்துச் சொன்னார். இன்னொரு நாள் பேச்சுக்கு நடுவே பீத்தோவன் கேட்டது. ஃபூர் எலீஸ். எதிரில் இருந்த ஜெர்மன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு உயர்ந்த ரசனையுள்ள எழுத்தாளரை எதிர்பார்க்கவில்லை என்றார். அது எங்கள் தெருவுக்குப் பாண் கொண்டுவரும் த்ரீவீலர். இலங்கை முழுக்கச் சூன் பாண்காரர்கள் அந்த மெட்டைப் போட்டுத்தான் பணிஸ் விற்கிறார்கள். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சொல்லுக்கு அரைச் சதம் ஏற்றிக் கொடுத்தார். அந்த மனிதருக்காகவாவது மாமியார் அன்று கூடுதலாக இரண்டு கிம்புலா பணிஸ் வாங்கியிருக்கலாம்.

மாமா கண்டி மாநகர சபையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். விடியுமுன் எழுந்து போய், இடாப்பில் கைநாட்டோ கையெழுத்தோ வைத்தால்தான் அது வேலை என்ற கட்சி. அமெரிக்காவில் பொழுது விடியும்போது நமக்கு இருட்டிவிடும். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை என் அறையில் விளக்கு எரியும், பகலில் நான் சாரத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். தெரு இதற்கு என்னென்ன விளக்கம் வைத்திருந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கள்ளக் காசு அடிக்கிறேன் என்பதுதான் இருந்தவற்றுள் கௌரவமானது. நேர வித்தியாசம் என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நேர வித்தியாசத்த என்கிட்டச் சொல்லாதீங்க மாப்ள," என்றார். 1996-இல் மின்சாரம் மிச்சம் பிடிக்க அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது; சில மாதத்தில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது; மிச்ச அரை மணி 2006 சித்திரையில்தான் திரும்பி வந்தது. இத்தனைக்கும் நடுவில் மாமா ஒரு நாள் பிந்திப் போகவில்லையாம்.

பிறகு 2022 வந்தது. அந்த வருஷத்தை வேடிக்கையாக எழுத இலங்கையில் யாருக்கும் வராது. எனக்கு நேர்ந்தது மட்டும் கொஞ்சம் விபரீதமாக இருந்ததால் சொல்கிறேன். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. ஊரை எழுத்துவாரியாகப் பிரித்து, ஏ முதல் எல் வரை, பி முதல் டபிள்யூ வரை என்று அட்டவணை வரும். ஆங்கில எழுத்துக்களை மாமியார் அப்போதுதான் தப்பில்லாமல் கற்றுக்கொண்டார். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. மின்சாரத்தில் சூடாகும் தரைவிரிப்புகளில் எது சிறந்தது என்ற கட்டுரையை நான் மெழுகுதிரி வெளிச்சத்தில், காகிதத்தில் பேனாவால் எழுதி, கரண்ட் வந்ததும் தட்டச்சு செய்து அனுப்பினேன். ஆனால் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. நாடு முழுக்க ஒவ்வொருவர் சம்பளமும் பாதியாகிக்கொண்டிருந்தபோது, சொல்லுக்கு ஒரு சதம் வாங்கும் சாரம் கட்டிய மாப்பிள்ளையின் வரும்படி, அவன் ஒரு சொல் கூடுதலாக எழுதாமலே, ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. மாமாவின் பென்ஷன் பால்மாவுக்கும் கருவாட்டுக்கும் திணற, மிச்சத்தை நாயின் பல் பார்த்துக்கொண்டது.

வீட்டில் என் மதிப்பு ஏறியது. ஏறிய விதம் எனக்கே கூச்சமாக இருந்தது. மாமா அன்றாடம் காலையில் பேப்பரை என்னிடம் நீட்டி, டொலர் எவ்வளவு என்று கேட்பார். ஏறியிருந்தால் எனக்காகச் சந்தோஷப்படுவதா, தனக்காகத் துக்கப்படுவதா என்று தெரியாமல் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் போவார்.

அந்த ராஜயோகம் நீடிக்கவில்லை. அதே 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது. சொல்லுக்கு ஒரு சதமும் இல்லாமல், ராத்திரி பகல் பாராமல், தேத்தண்ணி கேட்காமல், மண்வெட்டி பற்றியும் பல் பற்றியும் எழுதும் புதுக் கூலி இறங்கிவிட்டது. பழைய துரைமார் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். எஞ்சியவர்கள் இன்னும் வினோதம்: இயந்திரம் எழுதியதா மனிதன் எழுதியதா என்று கண்டுபிடிக்க இன்னொரு இயந்திரம் வைத்துக்கொண்டார்கள். அது என் கட்டுரையை முகர்ந்து பார்த்து, இது இயந்திரம் எழுதியது என்று தீர்ப்புச் சொன்னது. இலக்கணம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறதாம். கூடலூர்ப் பள்ளிக்கூடத்தில் ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பிரம்பு சகிதம் எனக்கு ஆங்கிலம் கற்பித்த வாத்தியார் இதைக் கேட்டிருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். மனிதன் என்று நிரூபிக்க நான் அங்கங்கே ஒரு காற்புள்ளியைக் களைந்தேன். ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றே நொண்ட விட்டேன். நாற்பத்துச் சொச்சம் சதவீதம் மனிதன் என்று வந்தது. மாமியாரிடம் காட்டினேன். இவ்வளவு வந்ததே பெரிசு என்றார்.

அரசாங்கம் மட்டும் எங்கள் தொழிலில் நம்பிக்கை இழக்கவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையின் வருமானத்துக்கும் 15 சதவீதம் வரை வரி உண்டு. வருஷத்துக்கு 18 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் அந்தப் பேச்சே. வரி கட்டும் யோக்கியதை ஒருநாள் வாய்க்க வேண்டும் என்று குறிஞ்சிக் குமரனை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில் எதிர்பாராத திசையிலிருந்து வேலை வந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள்; இரண்டு மாதச் சம்பளம் நின்றுவிட்டது. ஏஜென்சிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும். "தம்பி ராத்திரியெல்லாம் எழுதுறீங்கதானே, எனக்கும் ஒண்ணு எழுதுங்க." எழுதினேன். கடிதத்தில் மரியாதை இருந்தது, திகதி இருந்தது, ஒப்பந்த இலக்கம் இருந்தது, கடைசிப் பத்தியில் தூதரகம் என்ற சொல் இருந்தது. தலைப்புக்குத் தனியாகக் காசு கழிக்க அங்கே ஆள் இல்லை. சம்பளம் வந்துவிட்டது. மறுநாள் ஒரு முழுப் பலாக்காய் வீட்டுக்கு வந்தது. மூன்று வேளை கறி.

செய்தி பரவியது. கச்சேரியடியில் மனு எழுதுபவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார். இந்தியாக்காரத் தம்பி பலாக்காய்க்கு எழுதுகிறான். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, கனடாவில் இருக்கும் மகனுக்கு ஸ்பொன்சர் கடிதம், உடைந்த தண்ணீர்க் குழாய்க்கு ஒரு முறைப்பாடு. கடைசியில் சொன்னதில் எனக்கு அனுபவமே உண்டு, குழாய் உறைந்ததற்குப் பதிலாக உடைந்திருந்தது, அவ்வளவுதான். சிங்களத்தில் வேண்டுமென்றால் மனைவி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருப்பார்கள். இதை வேலை என்று குடிவரவுத் திணைக்களம் சொல்லாது என்று நம்புகிறேன். பலாக்காய்க்கு விசாவில் தடை எதுவும் எழுதியிருக்கவில்லை.

மாமாதான் ஆள் மாறிவிட்டார். விடியக்காலையில் சவரம் செய்து, மடிப்புக் கலையாத சேட்டுப் போட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். பழைய கொப்பி ஒன்றில் யார் வந்தார்கள், என்ன கடிதம், எத்தனை மணி என்று பதிகிறார். வந்தவர்களைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். வருகிறவர்கள் அவருக்கென்று தனியாக நாலு வெற்றிலை, ஒரு பாக்கு கொண்டுவருகிறார்கள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன். நேற்று, எஞ்சியிருக்கும் அந்த ஒரே ஜெர்மன் துரைக்குக் கட்டுரை அனுப்ப வேண்டிய அவசரத்தில் நான் கதவைச் சாத்தப் போக, வெளியிலிருந்து குரல் வந்தது.

"மாப்ள, அந்த ஆள நாளைக்கு வரச் சொல்லுங்க. இங்க இந்த அம்மா விடிய நாலு மணியில இருந்து நிக்குது."